கார் ஏசி: கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன்

மார்ச் மாதம் பிறந்ததுமே கார் ஏசி பழுது பார்க்கும் கடைகளில் வண்டிகள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடுகின்றன. வெயிலுக்கு அஞ்சி அவசரமாகச் செய்யும் இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையற்றது என்பது எங்கள் உறுதியான கருத்து. வாசகர்கள் கேட்டவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: 2016-ஆம் ஆண்டு வாங்கிய சிறிய கார் என்னுடையது. சில ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் ஏசிக்குக் கேஸ் நிரப்பி வருகிறேன். முன்பு கோடை முழுவதும் தாங்கிய குளிர்ச்சி இந்த ஆண்டு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஓட ஓடக் கேஸ் தீர்வது இயல்புதான் என்கிறார் மெக்கானிக். மறுபடியும் நிரப்பலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: நிரப்ப வேண்டாம். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸுக்காக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஏசி கேஸ் எரிந்து தீரும் பொருள் அன்று. கம்ப்ரசரில் அழுத்தப்பட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டன்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும் அதே கேஸ்தான் மூடிய குழாய்களுக்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. ரப்பர் குழாய்களின் வழியே மிகச் சிறிதளவு கசிவது உண்மைதான். ஆனால் அந்தக் குறைவு பல ஆண்டுகள் கழித்தே உணரப்படும். ஆண்டுதோறும் நிரப்ப வேண்டி வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஒரு கோடை தாங்கியது ஒரு மாதமாகச் சுருங்கியிருப்பதால், அந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

கேஸோடு சேர்ந்து கம்ப்ரசருக்கு உயவு தரும் எண்ணெயும் சுற்றுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. கேஸ் குறைந்தால் அந்த எண்ணெய் கம்ப்ரசருக்குச் சரியாகத் திரும்பாது. கசியும் இடத்தில் எண்ணெயும் வெளியேறும். இந்த நிலையிலேயே தொடர்ந்து ஓட்டினால், சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய ஓ-ரிங் (இணைப்பில் உள்ள ரப்பர் வளையம்) மாற்றும் வேலை கம்ப்ரசரையே மாற்றும் செலவாக வளர்ந்துவிடும்.

எண்ணெய் கசியும் என்பதே கண்டுபிடிப்பதற்கும் உதவுகிறது. குழாய் இணைப்புகளிலோ கண்டன்சரிலோ தூசி ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால் முதலில் அங்கே பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் ஏற்றும் வாயில் உள்ள சின்ன பின் வால்வு கசிவதும் அடிக்கடி நடப்பதுதான். அதன் விலை மிகக் குறைவு என்பதாலோ என்னவோ, அதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. வெளியில் எதுவும் தெரியாவிட்டால், மீதமுள்ள கேஸை இயந்திரத்தில் திரும்ப எடுத்துவிட்டு, நைட்ரஜன் ஏற்றி, அழுத்தத்தைக் காட்டும் கேஜில் முள் இறங்குகிறதா என்று பார்த்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிச் சோதிக்க வேண்டும். கூலிங் காயில் கண்ணுக்குத் தெரியாது. ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில், குழாய்களுக்குள் கேஸ் இருக்கும்போதே மின்னணுக் கசிவுமானியை வைத்துப் பார்த்தால் அதைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும். பல கார்களில் கூலிங் காயிலை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியிருப்பதால், இந்தச் சோதனையைக் கண்ணால் பார்க்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கசிவை அடைத்த பிறகு, ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாக மாற்றி, குறைந்தது அரை மணி நேரம் பம்பால் உள்காற்றை உறிஞ்சி வாக்குவம் பிடித்து, பம்பை நிறுத்திய பின்னும் அந்த வாக்குவம் நிற்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். ஏற்றுவதும் எடை பார்த்துத்தான். உங்கள் காருக்கு எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பேனட்டின் அடியில் ஒட்டியிருக்கும். கேஜில் தெரியும் அழுத்தம் அளவைச் சொல்லாது: எஞ்சின் அணைந்திருக்கும்போது, வெப்பம் 35 டிகிரி என்றால், ஆர்-134ஏ என்ற வகைக் கேஸ் பாதி இருந்தாலும் முழுவதும் இருந்தாலும், உள்ளே திரவம் கொஞ்சம் மிச்சமிருக்கும் வரை முள் ஏறத்தாழ 115 பிஎஸ்ஐ-யிலேயே நிற்கும். அளவுக்கு மேல் ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும்.

உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் ஆர்-134ஏ. சில புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கிறது. ஒன்றோடு மற்றொன்றைக் கலக்கக் கூடாது. விலை மலிவு என்று தீப்பற்றும் ஹைட்ரோகார்பன் கலவையை ஏற்ற அனுமதிக்காதீர்கள். ஓட்டையைத் தானே அடைக்கும் என்று விற்கும் திரவமும் வேண்டாம், அது வால்வையும் பழுது பார்க்கும் இயந்திரத்தையும் கெடுத்துவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், ஏறக்குறைய 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பூமியில் சேர்க்கிறது. ஆண்டுதோறும் கசியவிட்டு நிரப்புவது உங்கள் பணத்தோடு முடிகிற நட்டம் அன்று.

கேள்வி: ரிங் ரோட்டில் ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. ஊருக்குள் சிக்னலில் நின்றால் வெப்பக் காற்றுதான் வருகிறது. கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறி கம்ப்ரசரைவிடக் கண்டன்சர் விசிறியின் மீதே அதிகம் சந்தேகம் கொள்ளச் செய்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் விசிறியைச் சார்ந்தது. ஏசியைப் போட்டுவிட்டுப் பேனட்டைத் திறந்து, விசிறி சுற்றுகிறதா, முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று கையை அருகில் கொண்டுபோகாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். சுற்றுகிறது என்றால் கண்டன்சரின் தகடுகளுக்கு இடையில் பூச்சியும் செம்மண்ணும் அடைத்திருக்கலாம். குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவினாலே பெரிய மாற்றம் தெரியும். அழுத்தமான பிரஷர் வாட்டரை நேராக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே கேஜ் அளவுகளுக்குப் போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது தாழ்வழுத்தப் பக்கம் உயர்ந்தும் உயரழுத்தப் பக்கம் தாழ்ந்தும் இருந்து, எஞ்சினை வேகப்படுத்தியும் இரண்டுக்கும் இடைவெளி விரியவில்லை என்றால் கம்ப்ரசர் அழுத்தும் திறனை இழந்திருக்கலாம். அந்த இரண்டு எண்களையும் எழுதித் தராத கடையில் கம்ப்ரசரை மாற்ற வேண்டாம். மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், பழைய கம்ப்ரசரிலிருந்து உலோகத் துகள் குழாய்களுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போயிருந்தால் குழாய்களைக் கழுவுவதோடு கண்டன்சரையும் டிரையரையும் மாற்றியாக வேண்டும். அதைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பவர்கள் புதிய கம்ப்ரசரையும் விரைவில் இழக்கிறார்கள். உங்கள் வண்டி ஹைபிரிட் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. மின்சாரத்தால் ஓடும் கம்ப்ரசருக்குப் பெரும்பாலும் மின்கடத்தாத பிஓஇ வகை எண்ணெயே உரியது. வழக்கமான பிஏஜி எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு கெடும்.

கேள்வி: சென்னைக்குக் கிளம்பினால் முதல் ஒரு மணி நேரம் நல்ல குளிர்ச்சி, பிறகு காற்று வருவதே குறைந்துவிடுகிறது. வழியில் தேநீருக்கு நிறுத்திவிட்டு ஏறினால் மறுபடியும் சரியாக இருக்கிறது. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கூலிங் காயிலில் பனி உறைந்து காற்றின் வழி அடைபடுகிறது, நிறுத்தியதும் உருகிவிடுகிறது. முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். வேப்பமரத்தடியிலோ புங்கமரத்தடியிலோ நிறுத்தும் கார்களில் அது சருகும் தூசியுமாக அடைத்திருக்கும். பல கார்களில் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அதைக் கருவி எதுவும் இல்லாமலே மாற்றிவிடலாம். அதற்குப் பிறகும் உறைந்தால், காயிலின் குளிரை அளந்து கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய தெர்மிஸ்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏசியில் குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனாலும் அக்னி நட்சத்திர நாட்களில் உள்ளே இருக்க முடியவில்லை. கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டலாமா? சட்டம் அனுமதிக்கிறதா? (திருச்சி வாசகர்)

பதில்: சூரிய வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஆகவே கருமையாக இருக்கும் ஃபிலிம்தான் வெப்பத்தைத் தடுக்கும் என்பது சரியன்று. அகச்சிவப்பைத் தடுக்கும் தெளிவான செராமிக் ஃபிலிம் நல்ல பலன் தரும். சட்டத்தைப் பொறுத்தவரை, மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகளின் வழியே குறைந்தது 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளின் வழியே 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் எந்த அளவு ஒளி ஊடுருவினாலும் ஃபிலிம் ஒட்டுவதே கூடாது என்றது. அதன் பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இடம் கிடைத்தது. இந்த அளவுகளுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுச் சாலையில் நிறுத்திச் சோதிப்பவரும் அதே பொருள் கொள்வார் என்று நம்பி அதிகப் பணத்தை இதில் போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒட்டுவதானால் ஒளி ஊடுருவும் அளவைக் குறிப்பிடும் உற்பத்தியாளர் சான்றை வாங்கிக் காரிலேயே வையுங்கள். அதற்கு முன், வெயிலில் நிறுத்தும்போது முன் கண்ணாடியை மறைக்கும் வெள்ளித் திரையை வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். ஏறியவுடன் கண்ணாடிகளை இறக்கிச் சற்று ஓட்டி, கொதித்த காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு உள்காற்றே சுற்றும் பொத்தானை அழுத்துங்கள்.

ஏசியில் உண்மையிலேயே குறை இல்லையா என்பதையும் ஒரு வெப்பமானியால் நீங்களே அறியலாம். உள்காற்றுச் சுற்றில் வைத்துச் சிறிது நேரம் ஓட்டிய பின், நடுத் துவாரத்தில் வரும் காற்று 8 முதல் 12 டிகிரிக்குள் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது.

கேள்வி: கால் டாக்சி ஓட்டுகிறேன், வண்டி என் சொந்த வண்டி. கூலிங் காயில் மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள், ரசீது தரவில்லை. மூன்று வாரத்தில் கேஸ் மறுபடியும் போய்விட்டது. நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். வணிக வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்றும் சொல்கிறார்கள். (கோவை வாசகர்)

பதில்: அவர்கள் சொல்வது தவறு. சுயதொழிலாகத் தம் வாழ்வாதாரத்துக்காக மட்டும் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. நீங்களே ஓட்டிப் பிழைக்கும் வண்டி என்பதால் நீங்கள் நுகர்வோர்தான். ரசீது தராததையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. பணத்தை வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ செலுத்தியிருந்தால் அந்தப் பதிவும், கடைக்காரருடன் நடந்த குறுஞ்செய்திகளும் சான்றாகும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீரவில்லை என்றால் கடைக்குப் பதிவு அஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

இதற்கிடையில் வண்டியை வேறொரு கடையில் காட்டிக் கசிவு எங்கே என்பதை மட்டும் சோதித்து எழுதி வாங்குங்கள். பழுதை உடனே சரிசெய்துவிட்டால் சான்று போய்விடும். வருமானம் நிற்கிறது என்பதால் காத்திருக்க முடியாத நிலை வரலாம். அப்படியானால் பிரிக்கும்போது காயிலைப் படம் எடுத்து, அதில் பாக எண் இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு, கழற்றிய பாகத்தைக் கடையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அந்தக் காயில் உண்மையிலேயே புதியதாக மாற்றப்பட்டதா என்ற கேள்விக்கு ஆணையத்தின் முன் அந்தப் பாகமே பதில் சொல்லும்.