கொரிய மொழியில் காரணம் சொல்வது எப்படி? கேள்வி பதில்

கொரிய இலக்கணத்தில் காரணம் சொல்லும் விகுதிகள் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். முக்கால்வாசிக் கேள்விகளில் ஒரே குழப்பம்தான்: தமிழில் எல்லாவற்றுக்கும் ‘ஆல்’ போட்டுவிடலாம், கொரிய மொழியில் மட்டும் ஏன் இத்தனை? காரணத்துக்குப் பின்னால் என்ன வருகிறது, அதை யாரிடம் சொல்கிறோம் என்ற இரண்டையும் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். கீழே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாயைத் திறந்து சொல்லும் ‘ஒ’வுக்குக் குறில், உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘ஓ’வுக்கு நெடில். அதேபோல உதடு குவியாத உகரத்துக்கு ‘உ’, குவிகிறதற்கு ‘ஊ’. உச்சரிப்பு ஏறத்தாழத்தான், ஒவ்வொன்றையும் ஹங்குலில் (கொரிய எழுத்தில்) எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவி): அக்கா, “மழை பெய்வதால் குடை எடுத்துக்கொண்டு போங்கள்” என்பதற்கு ‘பிகா வாஸொ ஊஸானுல் கஜொகாஸேயோ’ என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். ‘-அஸொ’ என்றால் ‘ஆல்’ தானே?

தமிழர் எல்லோரும் முதலில் தடுக்குவது இங்கேதான். தமிழில் ‘பெய்வதால்’ என்று சொல்லிவிட்டு “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தாராளமாக முடிக்கலாம். கொரிய மொழியில் ‘-அஸொ / -ஒஸொ’ போட்டுவிட்டால் வாக்கியம் கட்டளையிலோ வேண்டுகோளிலோ “வாங்க, போகலாம்” என்ற அழைப்பிலோ முடியக் கூடாது. அந்த இடங்களில் வர வேண்டியது ‘-னிக்கா’. ஆக, ‘பிகா ஓனிக்கா ஊஸானுல் கஜொகாஸேயோ’. நேரமில்லை, டாக்ஸியில் போகலாம் என்பதற்கு ‘ஷிகானி ஒப்ஸுனிக்கா தேக்ஷி தாயோ’.

விதியை மனப்பாடம் செய்வதைவிட அதன் பின்னணியைப் புரிந்துகொள்வது நல்லது. ‘-அஸொ’ நடந்த ஒன்றையும் அதன் விளைவையும் சேர்த்துக் கட்டி ஒரே செய்தியாகத் தருகிறது: ‘பிகா வாஸொ ஜிபே இஸ்ஸொஸ்ஸொயோ’, மழை பெய்தது, வீட்டில் இருந்தேன். ‘-னிக்கா’வில் பேசுகிறவர் தன் நியாயத்தை எடுத்து எதிரில் இருப்பவர் முன்னால் வைக்கிறார். ஒருவரை ஏதாவது செய்யச் சொல்லும்போது அந்த நியாயம் தேவைப்படுகிறது. பேச்சுத் தமிழில் “மழை பெய்யுதே, குடையை எடுத்துட்டுப் போ” என்கிறோமே, அந்த ஏகாரம் ‘-னிக்கா’வுக்கு ‘ஆல்’ஐவிட நெருக்கமானது.

கேள்வி (அதே மாணவி): நேற்று நடந்ததைச் சொன்னால் ‘வாஸ்ஸொஸொ’ என்று இறந்தகாலம் ஆக்கலாமா?

வேண்டாம். இளையவர்கள் பேச்சில் அப்படி ஒன்று சில நேரம் காதில் விழும். ஆனால் தேர்வில் அது பிழை. ‘-அஸொ’வுக்கு முன்னால் கால இடைநிலை வராது, கடைசி வினையே காலத்தைக் காட்டும். தமிழில் ‘வந்து’ என்பது “நேற்று வந்து சொன்னான்”, “நாளைக்கு வந்து சொல்வான்” இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி. ‘-னிக்கா’, ‘-கி தேமூனே’ (‘காரணத்தால்’ என்று சொல்லும் இன்னொரு வடிவம்) இரண்டும் காலத்தை ஏற்கும்: ‘வாஸ்ஸுனிக்கா’, ‘வாத்கி தேமூனே’.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்): தாமதமாகப் போன நாளில் மேலாளரிடம் ‘கிரி மாக்யொஸ்ஸுனிக்கா நுஜொத்ஸும்னிதா’ என்றேன். இலக்கணம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. என்ன தவறு?

இதைக் கேட்டதற்கு நன்றி, பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ‘-னிக்கா’ நியாயத்தை எடுத்து வைக்கும் விகுதி என்று மேலே சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நியாயம் பேசினால் எப்படி இருக்கும்? உங்கள் வாக்கியம் அவர் காதில் ஏறக்குறைய “ரோடு அடைச்சிருந்துச்சு, அப்புறம் லேட் ஆகாம என்ன?” என்று விழுந்திருக்கும். நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

சொல்ல வேண்டியது: ‘கிரி மாக்யொஸொ நுஜொத்ஸும்னிதா. ஜ்வேஸோங்ஹம்னிதா.’ வழியில் நெரிசல், தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். இதில் காரணம் வெறும் தகவலாக நிற்கிறது, வாதாடவில்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றி, மன்னிப்பு, சந்தித்ததில் மகிழ்ச்சி ஆகிய மூன்றுக்கும் ‘-அஸொ’ மட்டும்தான். ‘தோவாஜூஷொஸொ கம்ஸாஹம்னிதா’ (உதவியதற்கு நன்றி), ‘நுஜொஸொ ஜ்வேஸோங்ஹம்னிதா’ (தாமதத்துக்கு மன்னிக்கவும்), ‘மன்னாஸொ பன்காவொயோ’ (சந்தித்ததில் மகிழ்ச்சி). இவற்றில் ‘-னிக்கா’வோ ‘-கி தேமூனே’யோ போடாதீர்கள். வேலையிடத்தில் தினமும் உதவும் வாக்கியம் ஒன்று: ‘சொஉமிராஸொ ஜல் மோல்லாயோ’, முதல் தடவை என்பதால் சரியாகத் தெரியவில்லை. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘-அஸொ’ பேச்சில் ‘-(இ)ராஸொ’ ஆகிவிடும்.

கேள்வி (திருச்சி): ஒரு கதையில் ‘ஜிபே கானிக்கா அமூதோ ஒப்ஸொஸ்ஸொயோ’ என்று படித்தேன். “வீட்டுக்குப் போனதால் யாரும் இல்லை” என்று பொருள் கொண்டால் அர்த்தமே இல்லையே?

இங்கே காரணம் இல்லை. ஒன்றைச் செய்தபோது இன்னொன்று தெரியவந்தது என்பதற்கும் ‘-னிக்கா’ வரும். “வீட்டுக்குப் போனால், யாருமே இல்லை” என்று தமிழில் கதை சொல்வோமே, அதேதான். இந்தப் பொருளில் ‘-னிக்கா’வுக்கு முன்னால் இறந்தகாலம் போடக் கூடாது. ‘-அஸொ’வுக்கும் இப்படி இரண்டாவது வேலை உண்டு: ‘சிங்கூருல் மன்னாஸொ யொங்ஹ்வாருல் ப்வாஸ்ஸொயோ’ என்றால் நண்பரைச் சந்தித்து, அவரோடு படம் பார்த்தேன் என்று வரிசை சொல்வது.

கேள்வி (சென்னை): ‘ஹக்ஸேங் தேமூனே’, ‘ஹக்ஸேங்-இகி தேமூனே’ இரண்டும் ஒன்றா?

இல்லை, தூரம் அதிகம். முதலாவது “மாணவரால்”, அதாவது அந்த மாணவர் ஏதோ செய்ததால். இரண்டாவது “மாணவராக இருப்பதால்”. நான் மாணவி, பணம் இல்லை என்று சொல்ல வந்து முதலாவதைச் சொன்னால், யாரோ ஒரு மாணவர் உங்கள் பணத்தைக் காலி செய்துவிட்டார் என்று ஆகிவிடும்.

பெயர்ச்சொல்லோடு வரும் இன்னும் இரண்டு: நல்ல விளைவுக்கு ‘தொக்பூனே’, பழி சொல்வதற்கு ‘தாஸே’. ‘ஸொன்ஸேங்னிம் தொக்பூனே ஹப்க்யொக்ஹேஸ்ஸொயோ’, ஆசிரியர் புண்ணியத்தில் தேர்ச்சி பெற்றேன். ஆசிரியரிடம் இதையே ‘தேமூனே’ போட்டுச் சொல்லிவிடாதீர்கள், நன்றியின் வாசனையே போய்விடும்.

கேள்வி (மதுரை): ‘-னுராகோ’ எனக்குப் பிடிபடவே இல்லை. ‘பிகா ஓனுராகோ மோத் காஸ்ஸொயோ’ (மழை பெய்ததால் போக முடியவில்லை) ஏன் தவறு?

எனக்கு மிகவும் பிடித்த விகுதி இது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஒரு வேலையில் நேரத்தையும் உழைப்பையும் போட்டதால் இன்னொன்று நடக்காமல் போனது அல்லது கஷ்டமாகிப் போனது என்பதைச் சொல்ல வருவது ‘-னுராகோ’. ‘ஸூக்ஜேஹானுராகோ ஜமுல் மோத் ஜஸ்ஸொயோ’: வீட்டுப்பாடம் எழுதியதில் தூங்க முடியவில்லை. ‘துராமாருல் போனுராகோ ஜொன்ஹ்வாருல் மோத் பதாஸ்ஸொயோ’: நாடகம் பார்த்துக்கொண்டிருந்ததில் போனை எடுக்கவில்லை. இந்த ‘-ததில்’ கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்துகிறது.

இப்போது உங்கள் வாக்கியத்தைப் பாருங்கள். பெய்தது மழை, போகாதது நீங்கள். ‘-னுராகோ’வில் இரண்டு பக்கமும் ஒரே ஆள்தான் இருக்க வேண்டும். மழை நேரம் ஒதுக்கி உழைக்கவும் இல்லை. அங்கே ‘பிகா வாஸொ’ போதும்.

இதிலிருந்தே மற்ற விதிகளும் வந்துவிடும். நேரம் எடுக்கும் செயலாக இருக்க வேண்டும் என்பதால் கண நேரத்தில் முடியும் வினைகள் ஒட்டாது: “தாமதமாக எழுந்ததால் வகுப்புக்குத் தாமதம்” என்பதற்கு இது உதவாது. பண்பைச் சொல்லும் சொற்களும் ஒட்டாது, ‘பாப்புனுராகோ’ என்று ஒன்று கிடையாது, ‘பாப்பாஸொ’ (வேலை அதிகமாக இருந்ததால்) என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு செயலும் ஒரே நேரத்தில் ஒன்றை ஒன்று தள்ளுவதால் முன்னால் இறந்தகாலம் வராது. பின்னால் கட்டளையும் வராது.

விருந்தினர் வந்ததும் கொரியர்கள் சொல்லும் ‘ஓஷினுரா கோஸேங்ஹாஷொஸ்ஸொயோ’வும் இதே விகுதிதான், கடைசி ‘கோ’ உதிர்ந்திருக்கிறது. இவ்வளவு தூரம் வந்ததில் சிரமப்பட்டிருப்பீர்கள் என்று வந்தவரின் உழைப்பை மதித்துச் சொல்வது. வீட்டுக்கு யாராவது கொரியர் வந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், மனம் நிறைந்துவிடுவார்கள்.

கேள்வி (அதே நபர்): அப்போது ‘-னுன் பராமே’?

எதிர்பாராமல் ஒன்று நடந்து காரியம் கெட்டுப்போனால் அது. ‘கப்ஜாகி பிகா ஓனுன் பராமே ஓஷி தா ஜொஜொஸ்ஸொயோ’: திடீரென்று மழை கொட்டி உடையெல்லாம் நனைந்துவிட்டது. ஆள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நடந்தது நேற்றானாலும் ‘-னுன்’ மாறாது. உங்கள் மழை வாக்கியத்துக்கும் திடீர் மழையாக இருந்தால் இது பொருந்தும்.

கேள்வி (மட்டக்களப்பு): அக்கா, கொரியாவுக்கு வேலைக்குப் போக இ.பி.எஸ். டோபிக் சோதனைக்குப் படிக்கிறன். இத்தனையும் எனக்குத் தேவையா?

தேவையில்லை தம்பி. 2004-இல் தொடங்கிய அந்த வேலை அனுமதித் திட்டத்தின் சோதனை, தொழிலிடத்தில் உங்களுக்குப் புரிகிறதா என்றுதான் பார்க்கிறது. ‘-அஸொ’, ‘-னிக்கா’, ‘தேமூனே’ மூன்றையும் கேட்டவுடன் பிடிக்கப் பழகுங்கள். அதிலும் ‘-னிக்கா’வை முதலில். பாதுகாப்பு எச்சரிக்கைகள் அந்த வடிவத்தில்தான் அதிகம் வரும்: ‘விஹொம்ஹானிக்கா மன்ஜிஜி மாஸேயோ’ (ஆபத்து, தொட வேண்டாம்), ‘மிக்குரொஊனிக்கா ஜோஷிம்ஹாஸேயோ’ (வழுக்கும், கவனம்). ‘-னிக்கா’ காதில் விழுந்ததும் அடுத்து ஒரு கட்டளை வரக்கூடும் என்று தயாராகிவிடுங்கள். சோதனைக்கும் உதவும், அங்கே போன பிறகு கை காலுக்கும் பாதுகாப்பு.

கேள்வி (சேலம்): நாடகங்களில் எல்லோரும் ‘-கொதுன்யோ’, ‘-ஜனாயோ’ என்று முடிக்கிறார்களே?

இரண்டும் வாக்கியக் கடைசியில் நிற்பவை. கேட்பவருக்குத் தெரியாத காரணத்துக்கு ‘-கொதுன்யோ’. சாப்பிட வா என்று கூப்பிட்டால் ‘அக்கா மொகொத்கொதுன்யோ’: கொஞ்சம் முன்னாடிதான் சாப்பிட்டேன், அதான். (இந்த ‘அக்கா’ சற்று முன் என்று பொருள்படும் கொரியச் சொல்.) கேட்பவருக்கும் தெரிந்த காரணத்துக்கு ‘-ஜனாயோ’: ‘பிகா ஓஜனாயோ’, மழைதான் பெய்யுதுல்ல.

பெரியவர்களிடம் இரண்டையும் அளந்து பேசுங்கள். ‘-கொதுன்யோ’வை அடுத்தடுத்துப் போட்டால் துடுக்காகக் கேட்கும், ‘-ஜனாயோ’ “உங்களுக்கே தெரியுமே” என்று குத்துவதாகிவிடும். நாடகத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், காதலர்கள், சண்டைக்காரர்கள். அலுவலகத்தில் அந்தத் தொனி எடுபடாது.

கேள்வி (புதுச்சேரி): ‘-கில்லே’ பற்றி இரண்டு வரி?

‘ஸாகில்லே மானி ஸாஸ்ஸொயோ’: மலிவாக இருக்கிறதே என்று நிறைய வாங்கினேன். நான் வெளியில் ஒன்றைக் கண்டேன், அதனால் நான் ஒன்று செய்தேன். பின்பாதியில் பொதுவாக ‘நான்’தான் இருக்க வேண்டும், கட்டளை வராது. கேள்வியிலும் வரும்: ‘மூஸுன் நிரிகில்லே குரேயோ?’, அப்படி என்ன விஷயம், ஏன் இப்படி இருக்கீங்க?

கேள்வி (பெங்களூரு): டோபிக் (கொரிய மொழித் திறன் தேர்வு) இரண்டாம் பிரிவு எழுதப்போகிறேன். கட்டுரையில் எதைப் பயன்படுத்தினால் மதிப்பெண் கூடும்?

53-ஆம் கேள்விக்கு 200 முதல் 300 எழுத்து, 54-ஆம் கேள்விக்கு 600 முதல் 700 எழுத்து. இரண்டிலும் எழுத்து நடை வேண்டும். ‘-கொதுன்யோ’, ‘-ஜனாயோ’, ‘-கில்லே’ மூன்றையும் மறந்துவிடுங்கள். ‘-னிக்கா’வும் பேச்சு வாடை அடிக்கும். ‘-கி தேமூனே’ முதுகெலும்பாக இருக்கட்டும். புள்ளிவிவரப் படத்தை விளக்கும் 53-இல் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘-(உ)ரோ இன்ஹே’ அழகாகப் பொருந்தும்; செய்திகளில் ‘தேபூங்உரோ இன்ஹே’ (புயல் காரணமாக) என்று வருவது இதுதான். ‘-(உ)முரோ’ இன்னும் இறுக்கமானது, அறிவிப்புகளிலும் சட்ட நடையிலும் வருவது. கட்டுரையில் ஓரிடத்தில் போட்டால் போதும்.

பலர் மதிப்பெண் இழப்பது ‘வேன்யாஹாம்யொன்’இல். நம் ‘ஏனென்றால்’ போலவே அமைந்த சொல் என்பதால் நமக்குச் சுலபமாக வந்துவிடும். ஆனால் தமிழில் “ஏனென்றால் நேரம் இல்லை” என்று அப்படியே நிறுத்திவிடலாம். கொரியக் கட்டுரையில் அதைத் தொடங்கினால் கடைசியில் ‘-கி தேமூனிதா’ என்று மூட வேண்டும்: ‘வேன்யாஹாம்யொன் ஷிகானி ஒப்கி தேமூனிதா.’ எழுதி முடித்ததும் ஒவ்வொரு ‘வேன்யாஹாம்யொன்’ மேலும் விரலை வைத்து, அந்த வாக்கியத்தின் வாலில் ‘தேமூனிதா’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாளைக் கொடுங்கள்.