அமெரிக்க உட்கட்சித் தேர்தலில் கொள்கையைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்களா, ஜெயிக்கிற குதிரையைப் பார்த்தா?

2020 அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அரசே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று கட்சிக்காரர்களில் பாதிக்கு மேல் விரும்பியும், அதைச் சொன்ன சாண்டர்ஸை விட்டுவிட்டு ஏன் பைடனிடம் போனார்கள் என்பது உங்கள் கேள்வி. அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் ஊரில் இருந்துகொண்டு யூடியூபில் விவாதங்களைப் பார்ப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

நான் இருப்பது அயோவா மாநிலத்தில், டி மொய்ன் பக்கம். காப்பீட்டு நிறுவனங்கள் நிறைந்த ஊர். என் பிழைப்பும் அதில்தான், கிளெயிம்களைப் பரிசீலிக்கும் மென்பொருள் வேலை. 2016 கோடையில் எங்கள் குழுவையே ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனால் காப்பீடும் போகும். கோப்ரா என்று ஒரு ஏற்பாடு உண்டு. பழைய காப்பீட்டையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழு பிரீமியமும் நம் தலையில். எங்கள் குடும்பத்துக்கு மாதம் 1,900 டாலர் சொச்சம். சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க 60 நாள் அவகாசம் இருக்கிறது, பிறகு சேர்ந்தாலும் முன்தேதியிட்டுச் செல்லும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பணம் கட்டாமல், யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். நானும் காத்திருந்தேன். 23-வது நாள் பையனுக்குக் குடல்வால் வெடிக்கும் நிலை.

ஓடிப்போய் கோப்ராவில் சேர்ந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில் இருந்தது, அறுவை செய்த டாக்டரும் இருந்தார். மயக்க மருந்து கொடுத்தவர் மட்டும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம். தலைப்பில் ‘இது பில் அல்ல’ என்று கொட்டை எழுத்து. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் கடிதம் வந்தால் பில் பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். அவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்த காரணத்தை ஓரத்தில் ஒரு குறியீட்டு எண்ணாகப் போட்டிருந்தார்கள். அதற்கு விளக்கம் தேட வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. அதே மாதிரிக் குறியீடுகளைத் திரையில் வரவைப்பதுதான் என் எட்டு வருட வேலை. மொத்தம் 4,320 டாலர். கெஞ்சிக் கூத்தாடி மாதம் 90 டாலராக 48 தவணைக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன்.

உடனே ‘இந்தியா வந்து வைத்தியம் பார்க்க வேண்டியதுதானே’ என்று ஆரம்பிக்காதீர்கள். வெடிக்கப்போகும் குடல்வாலோடு யாரும் விமானம் ஏற முடியாது. பல்லுக்கு வேண்டுமானால் வருகிறோம், மறுக்கவில்லை. ஒவ்வொரு முறை மதுரைக்கு வரும்போதும் என் மச்சான், ‘மாப்ள எங்களைப் பார்க்க வர்றாரா, பல்லைப் பார்க்க வர்றாரா’ என்று நாலு பேர் முன்னால் கேட்டுச் சிரிப்பார். அவர் மகன் கடைசி வருட ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்று அந்த நாலு பேருக்கும் தெரியாது. சரி, விடுங்கள்.

2018-ல் குடியுரிமை வாங்கினேன். 2019 முழுக்க இங்கே திரும்பின பக்கமெல்லாம் வேட்பாளர்கள். அப்போது அயோவாதான் முதலில் வாக்களிக்கும் மாநிலம் என்பதால் காபிக் கடையில்கூட செனட்டர் வந்து கைகுலுக்குவார். பேச்சு சுற்றிச் சுற்றிக் காப்பீட்டில்தான் வந்து நிற்கும். சாண்டர்ஸ், தனியார் காப்பீடே வேண்டாம், முதியோருக்கு அரசு தரும் மெடிகேர் காப்பீட்டை எல்லோருக்கும் கொடுப்போம் என்றார். இதற்கான மசோதாவைக் கீழவையில் கொண்டுவந்த பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது, கமலா ஹாரிஸை மட்டும்தான் தெரியும். அந்த ஹாரிஸ் ஜூன் மாத விவாதத்தில் தனியார் காப்பீட்டை ஒழிக்கத் தயாரா என்று கேட்டபோது கையைத் தூக்கினார். மறுநாள், கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றார். டிசம்பரில் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். இன்னொரு வேட்பாளர் வாரன், இதே திட்டத்துக்குப் பத்து வருடத்துக்கு 20.5 லட்சம் கோடி டாலர் என்று கணக்கே போட்டுக் காட்டினார். இரண்டு வாரத்துக்குள், முதல் கட்டமாக விரும்பியவர்களுக்கு மட்டும் என்று இறங்கி வந்தார். பைடன் ஆரம்பத்திலிருந்தே ஒபாமா காலத்துக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரோடு ஓர் அரசுக் காப்பீட்டையும் சேர்த்து வைக்கிறேன், விருப்பம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு மனசு சாண்டர்ஸ் பக்கம். நான் சோஷலிஸ்ட் இல்லை, 401கே என்கிற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கைத் தினம் திறந்து பார்க்கிற ஆள்தான். அவர் சொன்னது நடந்தால் என் வேலையே போகும் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த 90 டாலர் மாதாமாதம் போய்க்கொண்டிருந்ததே.

பிப்ரவரி 3 ராத்திரி ஏழு மணிக்கு, பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம்மில் காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் நேரில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். அப்போது ரகசிய ஓட்டெல்லாம் கிடையாது. எந்த வேட்பாளர் வேண்டுமோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டியிருந்தது. 15 சதவீதம் தேறாத மூலை கலைந்துவிடும், அங்கே நின்றவர்கள் வேறு இடம் பார்க்கலாம். 214 பேர் வந்திருந்தோம், அதனால் குறைந்தது 33 பேர் வேண்டும். என் மனைவிக்கு அப்போது கிரீன் கார்டுதான். பார்வையாளராக ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நான் போய் நின்றது பைடன் மூலையில்.

ஏன் என்றால், ட்ரம்பைத் தோற்கடிக்க வேண்டும், எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிற ஒரு லாரி டிரைவர் சாண்டர்ஸுக்குப் போடமாட்டார், பைடனுக்குப் போடுவார். அந்த டிரைவரை எனக்கு யார் சொன்னது? டிவிதான். நான் ஒரு லாரி டிரைவரிடமும் பேசியதில்லை. பக்கத்தில், குளோபச்சார் என்ற வேட்பாளரின் மூலையில் எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற டீச்சரம்மா நின்றிருந்தார். அவரைக் கேட்டால், ‘எனக்கு வாரன்தான் பிடிக்கும், ஆனால் ஜனங்கள் போடமாட்டார்களே’ என்றார். அவருடைய ஜனங்கள், அதே மாதிரி இழுபறி மாநிலமான விஸ்கான்சினில் இருந்தார்கள். அந்த ஜிம்மில் பாதிப் பேர் அங்கே இல்லாத யாரோ ஒருவர் சார்பில் நின்றுகொண்டிருந்தோம். அன்றைக்கு மாநிலம் முழுக்க எடுத்த வாசல் கருத்துக்கணிப்பிலும் இதுதான் தெரிந்தது. பத்தில் ஆறு பேர் அளவுக்கு அரசுக் காப்பீட்டை ஆதரித்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர், கொள்கை ஒத்துப்போவதைவிட ட்ரம்பைத் தோற்கடிப்பவர்தான் முக்கியம் என்றார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இரண்டு கணக்கிலும் இருக்கிறது. ஒரே ஆள்தான் இரண்டு பதிலையும் சொல்லியிருப்பார். நான் சொல்லியிருப்பேன்.

தலை எண்ணினார்கள். புட்டஜெஜ் 61, சாண்டர்ஸ் 52, வாரன் 38. ‘நிச்சயம் ஜெயிக்கிற’ பைடனுக்கு 29. குளோபச்சாருக்கு 24, யாங்குக்கு 10.

எங்களுக்கு நாலு தலை குறைகிறது. டீச்சரம்மா எங்களிடம் வந்து, ‘நீங்கள் இங்கே வந்தால் நாங்கள் தேறிவிடுவோம்’ என்கிறார். நாங்கள் அவர்களிடம் அதையே சொல்கிறோம். ஜெயிக்கக்கூடியவர் யார் என்று, இரண்டு தோற்ற மூலைகளுக்கு நடுவே கால் மணி நேரம் சண்டை. கடைசியில் எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் அங்கே போனார்கள். நான் முதல் தேர்வை எழுதியிருந்த அட்டையின் மறுபக்கத்தில் சாண்டர்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜிம்மைக் குறுக்கே கடந்து போய் நின்றேன். அங்கிருந்த கல்லூரிப் பையன்கள் கை தட்டினார்கள். திரும்பி வந்ததும் மனைவி, ‘ஏங்க, முதல்லயே அங்க போய் நின்னிருந்தா சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்ல’ என்றாள். அன்று ராத்திரி முடிவு வரவே இல்லை. முடிவை அனுப்புகிற ஆப் சொதப்பிவிட்டது, நாள் கணக்கில் இழுத்தது.

சரி, பைடனைத் தப்பாக எடை போட்டேனா என்றால், இல்லை. அயோவாவில் நான்காவது இடத்துக்குப் போனவர் தென் கரோலினாவில் எழுந்து, மார்ச் 3 அன்று 14 மாநிலத்தில் 10-ஐ அள்ளினார். அவர் ஜெயித்த டெக்சாஸிலும் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அரசுக் காப்பீட்டை ஆதரித்தவர்கள்தான். நவம்பரில் பென்சில்வேனியாவையும் பிடித்தார். ‘பார்த்தீர்களா, ஜெயிக்கிறவருக்குப் போட்டதுதான் சரி’ என்று கருத்து எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று. சாண்டர்ஸ் நின்றிருந்தால் தோற்றிருப்பார் என்று அதில் எங்கேயும் நிரூபணம் இல்லை. பைடன் சொன்ன அந்த விருப்ப அரசுக் காப்பீடும் வரவில்லை.

ஜிம்மில் நின்ற அன்று எனக்கு ஏழு தவணை பாக்கி. ஆகஸ்டில் கடைசித் தவணை கட்டிய வாரம்தான் கட்சி மாநாட்டில் பைடனை வேட்பாளராக அறிவித்தார்கள். அந்த டிசம்பரில் நெட்வொர்க்கில் இருக்கும் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இப்படித் தனி பில் அனுப்பக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. பட்ஜெட் மசோதாவுக்குள் சொருகி நிறைவேற்றியிருந்தார்கள், 2022 ஜனவரியிலிருந்து அமல். கையெழுத்துப் போட்டவர், நாங்கள் எல்லோரும் தோற்கடிக்க வேண்டும் என்று ஜிம்மில் நின்றோமே, அவர்தான்.

மனைவியிடம் சொன்னேன். பழைய பில்லுக்கும் செல்லுமா என்று கேட்டாள். செல்லாது.