மழை முடிந்தும் சுவரில் கறுப்புப் பூஞ்சை: நானே துடைக்கலாமா, ஆள் கூப்பிட வேண்டுமா?

முதலில் அளவைப் பாருங்கள். சுமார் 10 சதுர அடிக்குள் என்றால் நீங்களே செய்யலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. என்95 மாஸ்க், ரப்பர் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்தபடியே சுரண்டினால் பூஞ்சைத் தூசி வீடெல்லாம் பறக்கும். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும்.

ஆனால் துடைப்பது பாதி வேலைதான். மாடிக் குளியலறையிலிருந்தோ மொட்டைமாடி விரிசலிலிருந்தோ தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும்வரை பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். அதன்மேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு, உரிந்துவிடும். கசிவுக்கு முதலில் பிளம்பரையோ வாட்டர்புரூஃபிங் ஆளையோ கூப்பிடுங்கள். பரப்பு பெரிதாக இருந்தாலோ, சாக்கடை நீர் புகுந்திருந்தாலோ, ஏசிக்குள் பூஞ்சை தெரிந்தாலோ சுத்தம் செய்யவும் ஆள் வேண்டும். அப்புறம், ஆஸ்துமா உள்ளவரைத் துடைக்க விடாதீர்கள்.