பாட்டு வாத்தியார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. சர்ச் கொயரில் பாடுகிறாள். ஓபரா கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். இரண்டு பேரை விசாரித்து வைத்திருக்கிறேன். ஒருவர் ஓபரா மேடைகளில் பாடுகிற தொழில்முறைப் பாடகி. ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிறார், ஆனால் நிகழ்ச்சி வந்தால் மூன்று வாரம் வகுப்பு இருக்காது. இன்னொருவர் மேடை ஏறுவதில்லை, வாரம் தவறாமல் வகுப்பு எடுப்பார், கட்டணமும் பாதிதான். யாரிடம் சேர்க்கலாம்? நம் ஊர்க் குரலுக்கு ஓபரா ஒத்துவருமா? ஒரு மாதமாக அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகுப்பால் கொடுத்து, தினமும் ஒரு மணி நேரம் விடாமல் சாதகம் பண்ணவைக்கிறேன். கிறிஸ்துமஸ் பாட்டு சர்வீஸ் வருகிறது.

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் கேள்வியாகக் கேட்காத வரிக்குத்தான் முதலில் பதில்.

ஒரு மாதமாகத் தொண்டை கட்டிய பிள்ளையை தினமும் ஒரு மணி நேரம் பாடவைக்கிறீர்கள். கால் சுளுக்கியிருந்தால் வேலூர்க் கோட்டையைச் சுற்றி ஓடவிடுவீர்களா? வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வந்து உங்கள் காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறார்கள், வைத்தியம் பார்க்க. அந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு நீங்கள் மிளகுப்பால் காய்ச்சுகிறீர்கள். நாளைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை சாதகமும் கிடையாது, கொயரும் கிடையாது.

கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் இப்படி ஒரு தொண்டை இருந்தது.

ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்போது வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம், 1989இல்தான் பிரித்தார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு கூத்து வாத்தியார் இருந்தார். துரியோதனன் வேஷத்துக்குப் பேர்போனவர். பாரதக் கூத்து நடக்கிற மாதங்களில் விடியவிடிய ஆடிப் பாடிவிட்டு, காதுக்குப் பின்னால் அரிதாரம் போகாமல் வந்து படுப்பார். சாயங்காலம் ஏரி மதகுமேல் எங்களை வரிசையாக நிறுத்துவார்.

அந்த மாதங்களில் வாத்தியார் பேசமாட்டார். ராத்திரிக்கு வேண்டிய குரலை எங்களிடம் ஏன் செலவழிக்க வேண்டும்? எல்லாம் கைச்சாடைதான். விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மூச்சு அங்கே வந்து முட்டவில்லை என்றால் பாட்டு நிற்கும். எவனாவது கத்தினால் காலடியில் ஒரு கூழாங்கல் வந்து விழும். எதிர்க்கரையில் ஒரு பையனை நிறுத்திவைத்திருப்பார். நாங்கள் பாடுகிற விருத்தத்தில் வார்த்தை புரிந்தால் அவன் துண்டை ஆட்ட வேண்டும். கத்தினால் சத்தம்தான் போகும், வார்த்தை போகாது. அதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

என்னை திரௌபதி வேஷத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். 13 வயதில் மகரக்கட்டு உடைந்தது. ஒருநாள் விருத்தத்தின் பாதியில் தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த தாளத்தை எடுத்து என் கையில் கொடுத்து, அன்றைக்கு வாயைத் திறந்தே சொன்னார்: "இன்னும் ஒரு வருஷத்துக்கு இதுதான் உன் வாய்."

எனக்கு ரோஷம். வேறொரு ஜமாவில் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள், ராத்திரிக்குப் பத்து ரூபாய். போய்விட்டேன். பதினோரு ராத்திரி பாடினேன். பன்னிரண்டாம் நாள் காற்றுதான் வந்தது. திரும்பி வந்து வாத்தியார் முன்னால் நின்றேன். இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டார். "போய்த் தண்ணி குடி" என்றார், அவ்வளவுதான். இன்றைக்கும் கூட்டத்தில் இருபது நிமிஷம் பேசினால் என் குரல் கம்மிவிடும். வாசகர்கள் அதை உணர்ச்சிவசப்படுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் ஓபராவிலும் இதே கதை உண்டு. மானுவேல் கார்சியா என்று ஒரு ஸ்பானியர், 1805இல் பிறந்தவர். அப்பா பெரிய பாடகர். இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் 'செவில் நகரத்து நாவிதர்' ஓபரா 1816இல் முதன்முதலாக மேடையேறியபோது அதில் அல்மவீவா பிரபு வேஷம் கட்டியவர். 1825இல் குடும்பத்தோடு நியூயார்க் போய் அதே ஓபராவை நடத்தினார்கள். மகனுக்கு நாவிதன் வேஷம், வயது 20. குரல் தாங்கவில்லை. சீக்கிரமே மேடையை விட்டுவிட்டு வாத்தியாரானார். 1841இல் ஸ்வீடனிலிருந்து ஜென்னி லிண்ட் என்ற பாடகி பாரிசுக்கு அவரைத் தேடி வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 20 வயது, பாடிப்பாடிக் குரல் நைந்திருந்தது. கார்சியா உடனே பாடம் ஆரம்பிக்கவில்லை. சில வாரம் பாடவே கூடாது, பேச்சையும் குறைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். அப்புறம்தான் பாடம். ஐரோப்பா கொண்டாடிய ஜென்னி லிண்ட் அதற்குப் பிறகு வந்தவர்.

கார்சியா 1854இல், பல் டாக்டர் வைத்திருக்கிற நீளக் காம்புக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். மறுவருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாக வாசிக்கப்பட்டது. நாளைக்கு உங்கள் மகளின் தொண்டைக்குள் டாக்டர் பார்ப்பாரே, அந்தப் பரிசோதனை பரவியது இந்தப் பாட்டு வாத்தியாருக்குப் பிறகுதான். மனிதர் 101 வயது வாழ்ந்தார்.

சரி, உங்கள் கேள்விகள். நம் ஊர்க் குரல், வெளியூர்க் குரல் என்றெல்லாம் இல்லை. மைக் இல்லாமல் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் குரல் போக வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் (வினாடிக்கு 500 அதிர்வு), பழகிய ஓபராக் குரல் பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மையை ஏற்றிக்கொண்டு அதைத் தாண்டுகிறது. முகவீணையையும் மத்தளத்தையும் தாண்டிப் பாடுகிறவனுக்கும் இதே பாடுதான், அவன் போகிற வழி வேறு. கட்டணம் உங்கள் பாக்கெட் விஷயம்.

மேடையா, வகுப்பா? எங்கள் பக்கம் இந்தக் கேள்வியே எழாது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் ஆடினார், பாடினார், சென்னைக்குப் போய்க் கூத்துப்பட்டறை நாடகக் குழு நடிகர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். புகழ்பெற்ற ஓபரா பாடகி மரியா காலஸுக்கு ஏதென்ஸில் கற்பித்த எல்விரா டி இடால்கோவும் மேடைப் பாடகிதான். கார்சியாவோ மேடையை விட்டவர். மூன்று வாரம் வகுப்பு இல்லை என்று அழுகிறீர்கள். எங்கள் வாத்தியார் மாசக்கணக்கில் வாயே திறக்காமல் பாடம் நடத்தினார்.

இரண்டு பேரிடமும் ஒவ்வொரு வகுப்பு கேட்டுப்பாருங்கள், ஆனால் தொண்டை கட்டியிருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டு. அதைக் கேட்ட பிறகும் "பரவாயில்லை, ஆரம்பிக்கலாம்" என்கிறவரிடம் சேர்க்காதீர்கள், இலவசமாகவே சொல்லிக்கொடுத்தாலும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கிறிஸ்துமஸுக்குக் கொயரோடு அவள் போகட்டும். ஆர்கன் வாசிக்கிறவருக்குப் பக்கம் புரட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கும்.