வேகம் ஏறாத கார்: கியர்பாக்ஸ் மாற்றுமுன் பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி (உப்புவெளி வாசகர்): ஜப்பானில் இருந்து வந்த ஓட்டோ கியர் கார் ஒன்று வைத்திருக்கிறேன். போன மாதம் கொழும்பில் இருந்து வரும்போது, கந்தளாய் தாண்டியதும் எஞ்சின் லைட்டும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) லைட்டும் ஒன்றாக எரிந்தன. அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் 40க்கு மேல் ஏறவில்லை. ஓஃப் பண்ணி எடுத்தால் சரியாகிறது, மழை நாளில் திரும்ப வருகிறது. சில காலைகளில் கியர் லிவர் ‘பி’யில் (பார்க்கிங்) இருந்து அசையவே மறுக்கிறது. கராஜில் கியர்பாக்ஸ் மாற்ற இரண்டரை இலட்சம் கேட்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போது மாற்றாதீர்கள். லிவர் அசையவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, கராஜில் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். பிரேக்கை மிதித்திருக்கிறீர்கள் என்ற தகவல் போனால்தான் ‘பி’ பூட்டு விடும். அந்தத் தகவலைக் கொடுப்பது பிரேக் மிதியின் மேலே இருக்கும் சின்ன சுவிட்ச். பின் பிரேக் லைட்டை எரிய வைப்பதும் அதுவே.

அதற்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? இப்போதைய கார்களில் அக்ஸிலேட்டருக்குக் கேபிள் இல்லை, எல்லாம் கணினி வழிதான். பிரேக்கும் அக்ஸிலேட்டரும் ஒன்றாக மிதிபட்டதாகத் தெரிந்தால் பல கார்களில் கணினி எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். பல கார்களின் பிரேக் சுவிட்சில் இரண்டு தொடுப்புகள் உண்டு. இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்று கணினிக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக வேகத்தைக் கட்டிப்போடும் இந்த நிலையைத்தான் லிம்ப் மோட் என்கிறார்கள். காரின் கணினியை ஸ்கேன் பண்ணும்போது பி 0504 (P0504) அல்லது பி 0571 (P0571) என்ற கோளாறுக் குறியீடு (கோட்) வந்தால் இந்த சுவிட்சையும் அதன் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இருட்டியதும் காரின் பின்பக்கத்தைச் சுவரை நோக்கி நிறுத்தி, மிதியை மெதுவாகவும் வேகமாகவும் பத்துப் பதினைந்து தரம் மிதியுங்கள். சிவப்பு வெளிச்சம் ஒரு தரமாவது தவறினால், அல்லது காலை எடுத்த பிறகும் எரிந்தால், சுவிட்ச்தான் முதல் சந்தேகம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் லைட் எரியாத காரோடு இரவில் கந்தளாய் வீதியில் போனால், பின்னால் வரும் லொறிக்காரருக்கு நீங்கள் நிறுத்துவதே தெரியாது.

ஏபிஎஸ் லைட் எரிவதும் மழையில் வருவதும் சில்லு வேக சென்சரைக் காட்டுகின்றன. உப்புக்காற்று அடிக்கும் உங்கள் பக்கத்தில் அதன் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பிடிப்பது எளிது. ஒரு சில்லின் கணக்கு வராவிட்டால் சில கார்களில் கியர்பாக்ஸும் குழம்பி ஒரே கியரில் நின்றுவிடும். அதைப் பார்த்துக் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சின் குறியீடுகளை மட்டுமே வாசிக்கும். ஏபிஎஸ் பகுதியையும் வாசிக்கும் கருவி உள்ள இடத்துக்குப் போய், மெதுவாக ஓடும்போது நான்கு சில்லு வேகமும் திரையில் ஒன்றாக ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் பூச்சியத்தில் நின்றால் அந்தச் சில்லின் கனெக்டர், வயர், சென்சர் என்ற வரிசையில் பார்க்கட்டும்.

இன்னொன்று: எஞ்சின் நன்றாக உறுமியும் கார் இழுபட்டால், அது லிம்ப் மோடாக இல்லாமல் பிரேக் இறுகிப்போனதாகவும் இருக்கலாம். ஓடி வந்து நிறுத்தியதும் எந்தச் சில்லுப் பக்கம் அதிகம் சுடுகிறது என்று கையை எட்ட வைத்தே பாருங்கள், தொடாதீர்கள். டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் எச்சரிக்கை லைட்டும் எரிந்தால் ஓட்டவே வேண்டாம், உடனே நிறுத்தி பிரேக் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள்.

கேள்வி (கிண்ணியா வாசகர்): இதே மாதிரிக் கோளாறுக்கு ஸ்கேன் பண்ணி, கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டுக் காசு வாங்கினார்கள். இரண்டே நாளில் திரும்ப வந்துவிட்டது. பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: குறியீட்டை அழிப்பது திருத்தம் அல்ல. கோளாறு வந்த நேரத்து வேகம், எஞ்சின் சூடு போன்ற பதிவுகளும் அதோடு போய்விடும். அடுத்த தரம் அழிக்குமுன் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதே கராஜுக்குப் போய் பில்லைக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். எழுத்து முறைப்பாட்டை அதே சபைக்கு, வேலை செய்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஏதாவது பாகம் மாற்றியதாகச் சொன்னால் பழையதையும் கேட்டு வாங்கி வையுங்கள்.