மேட்டில் ஏறுமா மூன்று சக்கர வண்டி?

கேள்வி: தக்காளியை மண்டிக்குக் கொண்டுபோக, தீவனம் ஏற்றிவர விலை குறைந்த பேட்டரி மூன்று சக்கர வண்டி வாங்கலாமா அண்ணா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: தாராளமாக வாங்குங்கள் தங்கச்சி. காவேரிப்பட்டணத்தில் மூன்று வருஷமாக நானும் ஒன்று வைத்திருக்கிறேன். சமதரையில் பத்துப் பெட்டி தக்காளியோடு சத்தமில்லாமல் போகும். மேடுதான் சோதனை. எங்கள் ஏரிக்கரை ஏற்றத்தில் ஒருநாள் திணறி நின்றுவிட்டது. மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு. அப்புறம் பாதிப் பாரமாக இரண்டு நடை போகிறேன். கனமான பெட்டியை சீட்டை ஒட்டி அடுக்குங்கள், பின்னால் குவிந்தால் முன்சக்கரம் தூக்கும்.

இதில் பெரும்பாலும் ஈய அமில பேட்டரிதான். முழுக்கக் காலியாக விடாதீர்கள், ஆயுசு போய்விடும். மூடி திறக்கிற வகைக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். 'பதிவு தேவையில்லை' என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிற இ-கார்ட்டுக்கும், அதாவது சரக்கு ஏற்றும் பேட்டரி வண்டிக்கும், பதிவு, லைசென்ஸ் உண்டு.