ஊர் முதலில் உங்களைப் பார்த்து முடிக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓவியர். இப்போது ஒரு சிறுநகரத்தில் ஆறு வார ரெசிடென்சியில் இருக்கிறேன். தங்க ஓர் அறை, வேலை செய்யப் பெரிய ஸ்டுடியோ, கடைசி வாரத்தில் ஒரு கண்காட்சி. இதற்காக வருடக்கணக்கில் விண்ணப்பித்துக் காத்திருந்தேன். வந்து இரண்டு வாரம் ஓடிவிட்டது, ஒரு கான்வாஸைக்கூடத் தொடவில்லை. ஸ்டுடியோவைத் திறந்தால் வெள்ளைச் சுவர் மிரட்டுகிறது. வெளியே போனால் தெருவே என்னைப் பார்க்கிறது. வான்கோ பிரான்ஸின் ஆர்ல் நகரத்துக்குப் போய்ப் பதினைந்து மாதத்தில் ஏறத்தாழ 200 ஓவியங்கள் வரைந்தார் என்று படித்துவிட்டு வந்தவள் நான். எனக்கு இந்த இடத்தைக் கொடுத்தது வீண் என்று இரவில் தோன்றுகிறது. இப்படிப்பட்ட ஊர்களில் தங்கியபோது உங்கள் நாள் எப்படிப் போனது? ஊர்க்காரர்களை வரைவது சரியா? கண்காட்சிக்கு மாட்ட ஒன்றும் இல்லை என்றால் என்ன செய்வது?

ச.

அன்புள்ள ச.,

"தெருவே என்னைப் பார்க்கிறது" என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வாரத்தில் உருப்படியாக நடந்திருப்பதே அதுதான் என்று நினைக்கிறேன். பெருநகரத்தில் நடைபாதையில் நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. சிறுநகரத்தில் அப்படிக் கிடையாது. இந்தப் பெண் யார், எங்கே தங்கியிருக்கிறாள், யார் கூட்டிவந்தார்கள், எப்போது கிளம்புவாள், அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் ஊருக்குப் பதில் கிடைத்தாக வேண்டும். கிடைத்த பிறகுதான் கண்ணை எடுக்கும். அதற்கு முன்னால் நீங்கள் யாரை வரைந்தாலும் தோளை விறைத்துக்கொண்டு நிற்கும் ஆளைத்தான் வரைவீர்கள். அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி இருப்பார் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்றுதான். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் போய் உட்காருவேன். வரைகிறேனோ இல்லையோ, போய்விடுவேன். முதல் சில நாட்கள் பின்னால் கூட்டம் நிற்கும். பிறகு பையன்கள் மட்டும் வருவார்கள். அப்புறம் அவர்களும் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்துக்கு அந்தத் திண்ணையில் இருக்க வேண்டிய ஆள் என்று ஊர் நம்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஒருநாள் போகாவிட்டால் மறுநாள், "நேற்று காணோமே, உடம்புக்கு என்ன?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த அன்றுதான் எனக்குச் சரியான வேலை ஆரம்பித்திருக்கிறது. தங்கிய ஒவ்வொரு ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை பழைய சுண்ணாம்புச் சுவர் ஒன்றைக் காலை நேரத்தில் வரைந்துகொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் வெகுநேரம் கழித்து எழுந்து வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு மணிக்கு வந்து பாருங்க, அந்த மரத்து நிழல் ஜன்னல் வரைக்கும் ஏறும்" என்றார். போனேன். நிழல் சுவரின் அடியில் திட்டுத்திட்டாகக் கிடந்தது. மெல்ல மேலேறி, காரை பெயர்ந்த இடங்களில் மட்டும் உடைந்து உள்வாங்கி, பிறகு மறுபடியும் ஒட்டிக்கொண்டு போனது. ஜன்னல் கம்பியைத் தொட்டபோது சுவரின் மேல்பாதி மஞ்சளாகவும் கீழ்ப்பாதி ஏறக்குறைய ஊதாவாகவும் இருந்தது. நான் தனியாகத் தேடியிருந்தால் அந்த நிறம் எனக்குக் கிடைத்திருக்காது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதை ஆயுள் முழுக்கப் பார்த்த ஒருவர் கொடுத்தது அது. அங்கே தங்கியிருந்த மிச்ச நாட்களில் அந்தச் சுவரைத்தான் வரைந்தேன்.

இனி வான்கோ. அந்த எண்ணிக்கையை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். 1888 பிப்ரவரியில் அவர் ஆர்லில் இறங்கியபோது அங்கே பனி பெய்திருந்தது. மார்ச் கடைசியில் பழத்தோட்டங்கள் பூத்தன. சில வாரங்களில் பூ உதிர்ந்துவிடும் என்பதால் ஓட்டமாக ஓடி ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தார். அந்த வேகம் மரங்கள் வைத்த கெடு. ஆகஸ்டில் வரைந்த சூரியகாந்திகள், அவருடைய ஓவிய நண்பர் பால் காகின் வந்து தங்கப்போகும் வீட்டை அலங்கரிக்கத் தொடங்கியவை. எண்ணிக்கைக்குப் பின்னால் இப்படி ஒரு காரணமோ ஓர் ஆளோ இருந்தபடியே இருக்கிறது.

ஆர்ல் கதையில் உங்களுக்கு வேண்டியது வேறு ஒரு பகுதி என்று நினைக்கிறேன். 1889 தொடக்கத்தில், அவர் கடுமையாக நோயுற்றிருந்த சமயத்தில், அக்கம்பக்கத்தவர் முப்பது பேர்போலக் கையெழுத்திட்டு, இவரை இங்கே நடமாட விடக்கூடாது என்று மேயருக்கு மனுக் கொடுத்தார்கள். அவர் மறுபடி மருத்துவமனைக்குப் போனார், வீடு பூட்டப்பட்டது. அதே ஊரில்தான் ரயில் நிலையத்தில் தபால் வேலை பார்த்த ஜோசஃப் ரூலானும் இருந்தார். ரூலான், அவர் மனைவி, இரண்டு பையன்கள், கைக்குழந்தை என்று அந்தக் குடும்பம் முழுவதையும் வான்கோ திரும்பத் திரும்ப வரைந்தார். மனைவி அகஸ்டீனைத் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி வரைந்த படத்துக்கு மட்டும் ஐந்து வடிவங்கள் இருக்கின்றன. வான்கோ காதை அறுத்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தபோது போய்ப் பார்த்ததும், தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதியதும் ரூலான்தான். ஆர்ல் முழுவதும் வான்கோவுக்குக் கிடைக்கவில்லை. ஒரு வீடு கிடைத்தது. அந்த ஒரு வீட்டிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வந்தன. உங்கள் ஆறு வாரத்துக்கும் ஒரு சுவர், ஒரு வீடு, ஒரு மனிதர் போதும். ஊர் முழுவதையும் அள்ள வேண்டும் என்று நினைப்பதால்தான் கை எழவில்லை.

என் நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். விடியும் முன் எழுந்து போனைத் தொடாமல் ஸ்கெட்ச்புக்கோடு வெளியே போய்விடுவேன். அந்த ஒரு மணி நேரம் கரித்துண்டு மட்டும், வண்ணம் கிடையாது. உச்சி வெயிலில் நிழல் சுருங்கி எல்லாம் தட்டையாகிவிடும், அப்போது ஸ்டுடியோவுக்குள் கைவேலைதான்: காகிதத்தை நனைத்துப் பலகையில் ஒட்டுவது, வண்ணத்துக்கு அடிப்பூச்சாக ஜெஸ்ஸோ பூசுவது, தூரிகை கழுவுவது. இந்தக் கைவேலைக்காகவே ஸ்டுடியோ எனக்கு வேண்டும். வெள்ளைச் சுவர் மிரட்டினால் அதன் முன்னால் சும்மா உட்காராதீர்கள், நாளைக்குத் தேவையான நாலு காகிதத்தைத் தயார் செய்யுங்கள். மாலையில் மறுபடியும் என் இடம். இரவில் குறிப்பேடு. அதில் மனநிலையைப் பற்றி எழுதமாட்டேன், அன்று கண்ணில் பட்டதை மட்டும் எழுதுவேன். எந்தக் கதவு என்ன நிறம், மழைக்குப் பின் எவ்வளவு நேரத்தில் காய்ந்தது, யார் எந்தக் கையால் சைக்கிளைப் பிடித்திருந்தார் என்று. வீண் என்ற எண்ணம் இரவில் எனக்கும் வரும். இப்படி ஒரு பக்கம் எழுதி முடித்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

எடுத்துப்போன பொருளையும் ஒருமுறை பாருங்கள், பாதி மலைப்பு அதனாலேயே வரலாம். தைல வண்ணம் கொண்டுபோயிருந்தால் ஆறு வாரம் குறைவு. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். அம்பர் போன்ற மண் நிறங்களில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கேட்மியம் சிவப்பும் டைட்டேனியம் வெள்ளையும் நாள்கணக்கில் இழுக்கும். தடித்துப் பூசினால் ஊருக்குக் கிளம்பும்போது ஈரக் கான்வாஸைத்தான் சுருட்டிக்கொண்டு நிற்பீர்கள். நீர்வண்ணம், அக்ரிலிக், கரி இவை குறுகிய தங்கலுக்குப் பொருந்தும். இருக்கிற இடத்திலேயே கிடைப்பதை வைத்துச் செய்தாலும் நல்லது. சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-ல் சாந்திநிகேதனில் சாந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்றை வடித்தபோது, வெண்கலத்துக்கு வழி தேடவில்லை. சிமெண்டையும் அந்த மண்ணின் செம்புறைக்கல் ஜல்லியையும் கலந்து திறந்தவெளியிலேயே எழுப்பினார். அந்தக் குடும்பம் நடக்கும் தரைக்கும் அவர்கள் உடம்புக்கும் ஒரே சொரசொரப்பு.

இன்னொன்று. நாம் ரெசிடென்சி என்றதும் மனதில் வருவது பெரும்பாலும் மெக்டவல் போன்ற இடங்கள். 1907-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கியது. காட்டுக்குள் தனித்தனி ஸ்டுடியோக்கள். மதிய உணவைக் கூடையில் வைத்து, கதவைத் தட்டாமல் வாசலில் விட்டுப்போவார்கள். வேலையின் நடுவே ஒருவரும் குறுக்கிடக்கூடாது என்பது அதன் ஏற்பாடு. நாவல் எழுதுகிறவருக்கும் இசை அமைக்கிறவருக்கும் அது பெரிய கொடை. சிறுநகரத்து ரெசிடென்சி வேறு. இங்கே குறுக்கீடுதான் உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது. கதவைச் சாத்திக்கொண்டு காட்டுக்குள் இருப்பதுபோல இருக்கப் பார்த்தால் இரண்டுமே கிடைக்காது. அமைதியும் வராது, ஊரும் வராது.

ஊர்க்காரர்களை வரையலாமா என்றால், கேட்டுவிட்டு வரையுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். வரைந்ததை அவர்களிடம் அப்போதே காட்டுங்கள். முடிந்தால் இன்னொன்று வரைந்து கையில் கொடுங்கள். போட்டோ எடுத்து அறைக்குப் போய் வரைவதும், முகங்களை இணையத்தில் போடுவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆறு வாரத்தில் நாம் கிளம்பிவிடுவோம், அவர்கள் அந்தத் தெருவில்தான் இருக்கப் போகிறார்கள். ஒருவரின் வறுமையையோ சுருக்கத்தையோ பார்த்துக் கை பரபரக்கும்போது நிறுத்தி, இவருக்கு எந்த வேலை நன்றாக வரும் என்று கவனியுங்கள். வேலை செய்கிற கையை வரைந்தால் அந்த ஆள் முழுசாக வந்துவிடுவார்.

இனி கண்காட்சி பற்றிய உங்கள் கேள்வி. இவ்வளவு நாளில் இத்தனை படம் என்று கேட்கும் ஏற்பாடே எனக்குப் பிடிக்காது. சிற்பி ஆந்தனி காரோவும் ராபர்ட் லோடரும் 1982-ல் தொடங்கிய ட்ரையாங்கிள் பட்டறையில் கலைஞர்கள் இரண்டு வாரம் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தார்கள். முடிந்த படைப்பு வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அங்கே இல்லை. செய்து பார்க்கவும் விவாதிக்கவும்தான் கூடினார்கள். அதே வழியில் வந்தது டெல்லியின் கோஜ் என்ற கலைஞர் அமைப்பு. அதன் முதல் பட்டறை 1997-ல் நடந்தது தலைநகரில் இல்லை, மோடிநகர் என்ற ஆலை ஊரில். உங்கள் அமைப்பாளர்களிடம் இப்போதே போய், முடிந்த ஓவியங்களாக இருக்காது, வேலை நடக்கும் நிலையில்தான் ஸ்டுடியோவைத் திறந்து காட்டப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். கரிப் படங்கள், நிறம் சோதித்த துண்டுக் காகிதங்கள், குறிப்பேட்டின் பக்கங்கள், எல்லாவற்றையும் கண் மட்டத்தில் மாட்டுங்கள். திறப்பு நாளுக்கு முந்தின மாலை, உங்களுக்கு உட்கார இடம் கொடுத்தவர்களை மட்டும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர்கள் எந்தப் படத்தின் முன் நின்று பேசினார்கள், என்ன தப்பு சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்